கலர் பூதலிங்கமும் கன்னங்கரிய வானமும்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, "கலர் பூதலிங்கம் எங்கே இருப்பார்?" என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். தொண்ணூற்றாறாம் வருடத்துக் கதையைச் சொல்கிறேன். சிவசண்முகம் அண்ணாச்சியின் கலர் லேப்பில் பிரிண்ட் போடும் மிஷினுக்கு அவர்தான் ராஜா. சுற்று வட்டாரத்தில் நடக்கிற கல்யாணம், சடங்கு, கால்நாட்டு எல்லாம் ஃபிலிம் சுருளாக அவர் கைக்கு வந்து படமாக வெளியே போகும். மாநிறப் பெண் ஒரு சுற்று வெளுத்துப் போவாள். கேட்டு வாங்குகிறார்கள், அவர் என்ன செய்வார், பாவம்.

அவருக்கு ஒரு வழக்கம். ஃபிலிம் கொண்டு வருகிறவர் கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டாகவே இருக்கட்டும், ரசீது போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுவார். "பொண்ணு கட்டியிருக்க சேலை என்ன கலரு?" அரக்கு என்றால் அதற்கு ஒரு கணக்கு, மயில்கழுத்துப் பச்சை என்றால் வேறு கணக்கு. மிஷினில் இருட்டு வெளிச்சத்துக்கு ஒரு சாவி, நிறத்துக்கு மூன்று சாவி. எந்தச் சேலைக்கு எதை எத்தனை தட்டு தட்டவேண்டும் என்பது அவர் விரலுக்கு மனப்பாடம். சில பேர் இவருக்காகவே ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவருவார்கள். அதை வாங்கி, பார்க்காமலே மேசை டிராயரில் போட்டுவிட்டு, "பேரைச் சொல்லும்வே, போதும்" என்பார். தொழில் சுத்தம் என்றால் இதல்லவா தொழில் சுத்தம் என்று ஊர் மெச்சியது. ஊருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது.

நாலு பேர் கூடிவிட்டால் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. இருபது வயதில் ரயில்வே வேலைக்கு எழுதிப் போட்டு, எல்லாம் தேறி, கடைசியாக மதுரையில் டாக்டர் சோதனைக்குப் போன கதை.

"டாக்டர் ஒரு பொஸ்தகத்த விரிச்சாரு வே. மொதப் பக்கம் பூரா புள்ளி. புள்ளிக்கு நடுவுல பன்னெண்டுன்னு எழுதியிருந்துச்சு. பன்னெண்டுன்னேன். அடுத்த பக்கத்தத் திருப்புனாரு. வெறும் புள்ளி. 'இதுல என்ன எண்ணு?'ங்காரு. எண்ணே இல்ல, நான் என்னத்தச் சொல்ல? அதுக்கடுத்த பக்கம், அதுலயும் வெறும் புள்ளி. 'சார், அச்சாபீஸ்காரன் ஒங்கள நல்லா ஏமாத்திட்டான், மொதப் பக்கத்தோட எண்ணு தீந்துபோச்சு'ன்னேன். கழிச்சுக் கட்டிட்டாரு. சிபாரிசு உள்ளவன் கண்ணுக்கு மட்டுந்தான் அந்த எண்ணு தெரியும் போல."

கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எத்தனாவது தடவை கேட்டாலும் சிரிப்பார்கள். ஃபெபி மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஃபெபி பாளையங்கோட்டைப் பெண். மிஷினின் மறுமுனையில், படங்கள் வந்து விழுகிற இடத்தில் அவளுக்கு ஒரு மேசை. வெட்டுவது, அடுக்குவது, தூசி விழுந்த இடத்தில் மெல்லிய தூரிகையால் ஒரு பொட்டு மை வைத்து மறைப்பது அவள் வேலை. பூதலிங்கத்துக்கு அவள்மேல் ஒரே ஒரு குறை. சுருளுக்கு நாலைந்து படத்தையாவது கிழித்துக் கூடையில் போடுவாள். என்ன என்று கேட்டால், "தூசி, அண்ணாச்சி" என்பாள். அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் அவளே மிஷினில் உட்கார்ந்து அந்தப் படங்களை மறுபடி போட்டு வைத்துவிடுவாள். "ஓசியிலயா வருது பேப்பரு? ஊர்த் தூசியெல்லாம் ஒன் கண்ணுலதான் படுது" என்று இவர் சத்தம் போடுவார். அவள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த மார்கழியில் பூதலிங்கம் தரையிலேயே நடக்கவில்லை. தை பிறந்ததும் முதலாளி சிவசண்முகம் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் இரண்டாவது லேப் திறக்கிறார். புது மிஷின், குளிர்பதன அறை. அதற்குத் தலைமை ஆப்பரேட்டர் பூதலிங்கம். 'கலர் பூதலிங்கம் நேரடிப் பார்வையில்' என்று நோட்டீஸே அடித்தாகிவிட்டது. ரயில்வே தராத நாற்காலியை நெல்லையப்பர் தந்துவிட்டார் என்று மனைவி அன்னத்தாயிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஒரே ஒரு வருத்தம், அண்ணாச்சி ஃபெபியையும் கூடவே அனுப்புகிறார். "அந்தத் தூசிக்காரி எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுப் பார்த்தார். "அவ இருக்கட்டும்வே" என்று முடித்துவிட்டார் முதலாளி.

கிறிஸ்துமஸுக்கு ஃபெபி லீவு போட்டுப் போயிருந்த சமயத்தில்தான் காஜா முகைதீன் வந்தான். காயல்பட்டினத்துக்காரன், துபாயில் வேலை. ஆறு வருடச் சம்பாத்தியத்தில் மற்றவர்கள் வீடு கட்டுவார்கள். இவன் டெலஸ்கோப் வாங்கியிருந்தான். லீவுக்கு வந்தவன் பாபநாசம் அணைப் பக்கம் விளக்கு வெளிச்சமே இல்லாத இடமாகத் தேடிப் போய் நட்சத்திரங்களைப் படம் பிடித்திருக்கிறான். டெலஸ்கோப்பின் முதுகில் காமிராவைக் கட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் அதன் மூடியைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமாம். வானம் நகர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா? அதற்கு ஈடாக, கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரத்தைக் கம்பிக்குறியில் பிடித்துக்கொண்டு கையால் திருகைப் பையப் பையத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கொசு கடித்தால் தட்டக்கூடாது. தும்மினால் போச்சு.

"அப்படி என்னத்தத் தம்பி எடுத்தீரு?" என்றார் பூதலிங்கம்.

"ஒரு மேகம் அண்ணாச்சி. நம்ம மழை மேகம் இல்ல. நட்சத்திரத்துக்கு நடுவுல, ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்க மேகம். வெறுங் கண்ணுக்குத் தெரியாது. டெலஸ்கோப்புல பாத்தாக்கூட லேசாப் புகை அடிச்ச மாதிரிதான் இருக்கும். ஃபிலிம் மட்டும்தான் அதோட நிறத்தப் பிடிக்கும்."

"சரி, என்ன கலரு வரணும்?"

"அதத்தான் நான் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தான் காஜா முகைதீன். "பொஸ்தகத்துல ஒருத்தன் ஒரு கலர்ல போட்டிருக்கான், இன்னொருத்தன் இன்னொரு கலர்ல போட்டிருக்கான். நான் சொன்னா நீங்க அதையே போட்டுத் தந்துருவீங்க. வானம் கறுப்பா இருக்கணும். அந்தக் கறுப்ப மட்டும் சரியா நிறுத்திட்டீங்கன்னா மேகம் அதோட கலர்ல தானா வந்துரும். உங்க கண்ண நம்பித்தான் துபாய்ல குடுக்காம இங்க கொண்டுவந்தேன்."

சேலை நிறம் சொல்லாத வாடிக்கையாளரை அன்றுதான் பூதலிங்கம் முதன்முதலாகப் பார்த்தார். அதற்காகப் பின்வாங்குகிற ஆளா? மார்கழி மாதம், முகூர்த்தம் கிடையாது, லேப்பில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். மிஷின் இந்தப் படத்தைப் பார்த்துக் குழம்பிப்போய், வானத்தைச் சாம்பல் பூத்தாற்போல் தள்ளியது. பூதலிங்கம் சாவியைத் தட்டினார். இருட்டைக் கூட்டினார், நிறத்தை இப்படி ஒரு தட்டு அப்படி ஒரு தட்டு மாற்றினார். காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் வானம் அவர் மனசுக்குப் பிடித்த கறுப்பாக, மைக் கறுப்பாக வந்து விழுந்தது. அதில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். மேகம் கீகம் ஒன்றையும் காணோம். துபாய்க்காரன் தும்மியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு கவரில் போட்டு ஒட்டினார்.

மூன்றாம் நாள் காஜா முகைதீன் வந்தான். லீவு முடிந்து ஃபெபியும் அப்போதுதான் முந்திரிக்கொத்து டப்பாவோடு உள்ளே நுழைந்தாள். அவன் கவரைப் பிரித்தான். பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"ஒம்ம வானந்தான். எப்படி, கன்னங்கரேல்னு நிறுத்திட்டேன் பாத்தீரா?"

காஜா முகைதீன் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். விளையாடுகிறாரோ என்று நினைத்திருப்பான். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அண்ணாச்சி, செக்கச் செவேல்னுல்லா இருக்கு. வானம் பூரா ரத்தத்தக் கொட்டுன மாதிரி இருக்கு. இதுல எங்கன போய் நான் மேகத்தத் தேட?"

"என்ன தம்பி, பட்டப்பகல்ல ஆளக் கேலி பண்ணுதீரா? செவப்புன்னா எனக்குத் தெரியாதா? குங்குமம் செவப்பு, தபால்பெட்டி செவப்பு. இது கறுப்பு. ஏ பிள்ளே ஃபெபி, இங்கன வா. நீ சொல்லு, இது என்ன கலரு?"

ஃபெபி வந்தாள். படத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. தான் ஊரில் இல்லாத நாளில் இப்படி வந்து விடிந்திருக்கிறதே என்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டென்று, "கெமிக்கல் கெட்டுப்போச்சு போல அண்ணாச்சி. நான் மறுக்காப் போட்டுத் தாரேன்" என்று படத்தைப் பிடுங்கப் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விட்டாரா? கெமிக்கல் கலக்குகிறவரும் அவர்தானே. "என் கெமிக்கலா கெட்டுப்போச்சு? நேத்துக் கலக்குன கெமிக்கலு. என்ன கலருன்னு கேட்டா கலரச் சொல்லு. சொல்லப் போறியா இல்லையா?"

அந்நேரம் பார்த்து டீக்கடை பாவா கிளாஸ் எடுக்க வந்தார். பூதலிங்கம் அவர் மூஞ்சிக்கு நேரே படத்தை நீட்டினார். "பாவா, நீரு படிக்காத ஆளு. ஒமக்குப் பொய் சொல்லத் தெரியாது. இது என்ன கலரு?"

"இதென்ன கேள்வி அண்ணாச்சி, செவப்புதான். பாக்கவே பயமா இருக்கு. ஏதும் ஆக்ஸிடெண்டு படமா?"

பூதலிங்கம் திரும்பி ஃபெபியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. "செவப்புதான் அண்ணாச்சி" என்றாள். "மொத்தமும் செவப்பு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பேர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. படத்தை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கறுப்பு. எப்படிப் பார்த்தாலும் கறுப்பு.

அவர் வெளியே நின்ற நேரத்தில் ஃபெபி மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். காஜா முகைதீன் பக்கத்தில் நிற்க, சாவியைத் தட்டித் தட்டி வேறு படம் போட்டாள். அது வந்து விழுந்ததும் காஜா முகைதீன் இரண்டு கையாலும் அதை எடுத்தான். இருட்டு வானத்தின் நடுவில், இதழ் இதழாக, ஒரு சிவப்பு ரோஜா. "இத்தன நாளும் இது அங்கனயே இருந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாவா கிளாஸை மறந்துவிட்டு நின்றார்.

"எங்கன?" என்றபடி பூதலிங்கம் உள்ளே வந்தார். மூன்று விரல்கள் ஒரே இடத்தைக் காட்டின. அவர் குனிந்து பார்த்தார். ஃபெபி தூரிகையை எடுத்து வெள்ளை மையைத் தொட்டு, வேறொரு பிரதியில் அந்தப் பூவின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். "இங்கன தொடங்குது அண்ணாச்சி. இப்படி வளைஞ்சு வந்து இங்கன முடியுது. இதுக்குள்ள பூரா செவப்பு." அவர் கண்ணுக்குக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு வெளியே இருந்த கறுப்பும் கோட்டுக்கு உள்ளே இருந்த கறுப்பும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லையே" என்றார். "வெறும் புள்ளி."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. விழுந்த மாத்திரத்தில் பேயறைந்தவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெறும் புள்ளி. மதுரையில், அந்த டாக்டர் முன்னால், இதே வார்த்தையைத்தானே சொன்னோம்? ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்த கதை அன்று அவர் நெஞ்சில் ஏறி மிதித்தது.

காஜா முகைதீன் நல்ல பிள்ளை. கோபிக்கவில்லை. ரோஜாவை மட்டும் கவரில் போட்டுக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான். பாவாவும் போனார். லேப்பில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"வந்த மொத வாரமே தெரியும் அண்ணாச்சி. எனக்கு முன்னால இங்க இருந்தாங்கள்ல சாரம்மாள் அக்கா, கல்யாணமாகிப் போகும்போது கைபிடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. செவப்பும் பச்சையும் மட்டும் பாத்துக்கோ, அவர் மனசு நோவப்படாதுன்னு."

"அப்பம் தூசி?"

"தூசி இல்ல அண்ணாச்சி."

கூடை கூடையாகக் கிழிபட்டுப் போன படங்கள் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"மொதலாளிக்கு?"

"சாரம்மாள் அக்காவ அந்த மேசையில உக்கார வச்சதே அவுகதான். இருட்டு வெளிச்சம் பாக்க ஒங்கள மாதிரி ஆளு கெடையாது, கலர வேற ஆளு பாத்துக்கிடட்டும்னு சொன்னாகளாம்."

அன்று மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியெல்லாம் அவருக்கு எதையும் நம்ப முடியவில்லை. சட்டை என்ன நிறமோ, பஸ் என்ன நிறமோ. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அன்னத்தாய்க்கு விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் அவருக்குப் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற வேலை. சேலைக்கும் மாலைக்கும் புட்டியில் பேர் ஒட்டிய மை உண்டு. முகத்துக்கு மட்டும் நாமே கலக்க வேண்டும். சொந்தக் கல்யாணப் படமாயிற்றே என்று மூன்று நாள் உட்கார்ந்து கலக்கித் தீட்டியது.

"ஏட்டி, இந்தப் படத்துல ஒம் மூஞ்சி என்ன கலரு?"

அன்னத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுட்டி."

"கொஞ்சம் பச்சையா இருக்கும்."

"எம் மூஞ்சி?"

"ஒங்க மூஞ்சியும் பச்சைதான். என்னையவிடக் கொஞ்சம் கூட."

இருபது வருடம். நல்லது கெட்டதுக்கு வந்த அத்தனை சனமும் இந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறது. பூதலிங்கம் திரும்பி அவளைப் பார்த்தார். "வந்தவங்க யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாக. கல்யாணத்தன்னைக்கு எங்கம்மை ரெண்டு பேருக்கும் மஞ்சளு அப்பி விட்டுட்டான்னு சொல்லிருவேன். கழட்டி வைங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எம்புட்டு ஆசையாத் தீட்டினீக."

"தக்காளி வாங்க என்னைய அனுப்ப மாட்டியே. நீ ராசா மாதிரி வச்சிருக்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

"ஒரு தடவ அனுப்பினேன். பூராவும் பச்சைக் காயா அள்ளிட்டு வந்தீக" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. இத்தனை பேர் தன்னை இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள் என்பது அவரை அடித்துப் போட்டுவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

தை பிறந்தது. பாளையங்கோட்டையில் புது லேப்புக்குத் திறப்பு விழா. வாழைமரம், மைக் செட், ரோஸ் மில்க். புது மிஷினுக்குச் சந்தனம் வைத்து, தலைமை நாற்காலிக்கு மாலை போட்டிருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் சிவசண்முகம் அண்ணாச்சி பூதலிங்கத்தின் தோளில் கைபோட்டு, "உக்காரும்வே. உக்காரதுக்கு முன்னாடி அந்த ரயில்வே கதைய ஒரு தடவ எடுத்து விடும். புதுக் கடை சிரிப்போட தொடங்கட்டும்" என்றார்.

பூதலிங்கம் சொன்னார். பன்னிரண்டில் ஆரம்பித்து, அச்சாபீஸ்காரன்வரை வரி பிசகாமல் சொன்னார். "கழிச்சுக் கட்டிட்டாரு" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபெபி தன் மேசையில் குனிந்து நின்றாள். சிரிப்பு அடங்குகிறவரை அவர் காத்திருந்தார்.

"கதை இன்னும் முடியல" என்றார். "அந்தப் பக்கத்துல எண்ணு இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. எனக்குச் செவப்பு தெரியாது வே. பொறந்ததுல இருந்தே தெரியாது. போன மாசந்தான் எனக்கே தெரிஞ்சுது. இத்தன வருசமா எங்கிட்ட கலர் நல்லாருக்குன்னு நீங்க வாங்கிட்டுப் போன படமெல்லாம் முன்னால ஒரு பிள்ளையும், அதுக்குப் பொறவு இந்தப் பிள்ளையும் போட்டது."

ரோஸ் மில்க் கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் குடிக்க மறந்து நின்றார்கள். அண்ணாச்சியின் கை அவர் தோளிலிருந்து தானாகக் கீழே இறங்கியது. பூதலிங்கம் நாற்காலியில் கிடந்த மாலையை எடுத்து மிஷின்மேல் வைத்துவிட்டு, "ஃபெபி, வந்து உக்காரு" என்றார். அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார். வந்து உட்கார்ந்தாள்.

பூதலிங்கம் கவுண்டருக்குப் போய் நின்றார். முதல் வாடிக்கையாளர் மகள் கல்யாணத்து ஃபிலிமை எடுத்து மேசைமேல் வைத்தார். வழக்கப்படி அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டும் நின்றார். பூதலிங்கத்துக்கு அது உதட்டு நுனிவரை வந்தது. ஒன்றும் கேட்காமல் சுருளை வாங்கி ஃபெபியிடம் நீட்டினார்.